பாட்டுப் படத்தில் ஓடும் ரெயில்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க நூலகத்தில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். நம் காலனியைச் சேர்ந்த ஒரு பையன் கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "மாமா, ஆண்டு விழாவுக்கு நாங்கள் ஒரு பாட்டுப் படம் எடுக்கிறோம். முதல் காட்சி முடிந்துவிட்டது. பார்த்து அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்றான். பாட்டு அவர்களே இயற்றியது. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பயணத்தைப் பற்றியது. மெட்டு நன்றாகவே இருந்தது. இருபது விநாடி ஓடிய அந்தக் காட்சியில், பையனின் தமக்கை பாவாடை தாவணி உடுத்தித் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று பாட்டுக்கு உதடசைக்கிறாள். தாளம் உச்சத்துக்கு ஏறும் அதே கணத்தில், அவளுக்குப் பின்னால் ஒரு துரித வண்டி பாய்ந்து செல்கிறது. தாவணி பறக்கிறது. அவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

"வண்டிக்கு எவ்வளவு தூரத்தில் நின்றாள், தம்பி?" என்று கேட்டோம்.

"வெகு தூரம், மாமா. படத்திலேயே தெரிகிறதே!" என்றான்.

"படத்திலேயே தெரிகிறதே" என்ற அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பாட்டுப் படங்களைப் பார்த்தே வளரும் தலைமுறை இது. வெண்பாவுக்கு இலக்கணம் இருப்பதுபோல் பாட்டுப் படத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று பல்லாண்டுப் பழக்கத்தில் படிந்துபோன முறைகள் அவை. கவியின் மிகையை நாம் மிகை என்று அறிந்தே சுவைக்கிறோம். படத்தின் மிகையை மட்டும் கண்ணால் கண்ட சாட்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். ரெயில்வேயில் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் நமக்கு ஸினிமாவைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். ரெயில் வரும் பாட்டுகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அதற்குள்ள யோக்கியதை போதும்.

முதலில் குரலுக்கும் உடலுக்கும் உள்ள உறவைச் சொல்லவேண்டும். பேசும் படம் வந்த புதிதில் நடிகர்கள் காமிராவின் முன் நின்று தாமே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் மரத்தின் மறைவிலோ திரைச்சீலையின் பின்னாலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் ஒலிவாங்கியை விட்டு அதிகம் விலகமுடியாது. ஆகவே ஓடமுடியாது, ஏறமுடியாது, ஆடவும் அதிகம் முடியாது. இந்தக் கட்டை அவிழ்த்தது நாம் வாழும் இதே வங்கநாடுதான். 1935-ஆம் ஆண்டு கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார், நிதின் போஸ் டைரக்ஷனில், ராய்சந்த் போரல் சங்கீதத்தில் எடுத்த ஹிந்திப் படம் 'தூப் சாவ்ன்'. பாட்டை முன்னதாகப் பதிவு செய்துகொண்டு, பின்னர் நடிகர்கள் அதற்கு உதடசைக்கும் பின்னணி முறையை அப்படத்தில் கையாண்டார்கள். அன்றுமுதல் குரல் ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள்ளும், உடல் மலைச்சிகரத்திலும் இருக்கலாம் என்றாயிற்று. உடல் ரெயில் கூரைமேல் ஏறியதும் இதனால்தான்.

குரல் பிரிந்துவிட்டது, ஆயினும் உதடு அதைவிட்டு விலகக்கூடாது. ஆகவே படமெடுக்கும் இடத்தில் பாட்டை ஒலிபெருக்கியில் உரக்க ஓடவிடுவது வழக்கமாயிற்று. அன்பர்கள் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னர் தேவைப்படும். வேறு சில உபாயங்களும் உண்டு. தாவணி மெதுவாக மிதந்து அலைய, உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போகும் காட்சிகளைப் பலர் கண்டிருப்பீர்கள். விநாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டிய இடத்தில் 48 படங்கள் எடுப்பார்கள். பாட்டையும் இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். நடிகை அந்தக் கீச்சுக்குரலுக்கு ஈடுகொடுத்து விரைந்து உதடசைப்பாள். திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது காற்று மெதுவாகும், உதடு சரியாகிவிடும். திரையில் தேவதைபோல் மிதப்பவள், எடுக்கும்போது பதற்றத்துடன் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்பதே உண்மை. பல்லவிக்கு ஒரு புடவை, சரணத்துக்கு வேறொரு புடவை. அனுபல்லவியில் கடற்கரை, அடுத்த அடியில் பனிமலை. இவற்றையெல்லாம் கண்டு நாம் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்கிறோம். புடவை மாறியது பொய் என்று குழந்தைக்கும் தெரியும். ரெயிலில்தான் ஏமாந்துவிடுகிறோம், ஏனெனில் ரெயில் மெய்யான ரெயிலாக இருக்கிறது.

படமெடுப்பவர்களுக்கு ரெயில் மீது இத்தனை மோகம் ஏன் என்பதற்கு அதிக ஆராய்ச்சி வேண்டியதில்லை. தாளம் அதிலேயே இருக்கிறது, காற்று இருக்கிறது, ஜன்னல் என்ற சட்டகம் ஆயத்தமாக இருக்கிறது, பிரிவும் சந்திப்பும் பிளாட்பாரத்திலேயே நிகழ்கின்றன. 1964-இல் ஏ. பீம்சிங் டைரக்ஷனில் வந்த 'பச்சை விளக்கு' படத்தில் சிவாஜி கணேசன் எஞ்சின் டிரைவராக வந்து, வண்டியை ஓட்டிக்கொண்டே பாடினார். ரெயில்வே குடும்பங்களில் அந்தப் பாட்டுக்குள்ள மரியாதையை நாம் சொல்லவேண்டியதில்லை. பணியிலுள்ள டிரைவர் ஒருவர் அப்படிப் பாதையை விட்டு வானத்தைப் பார்த்துப் பாடினால் மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

நம் பகுதியிலேயே எடுத்த ஒரு பாட்டைப் பார்ப்போம். 1969-இல் சக்தி சாமந்தா எடுத்த 'ஆராதனா'. டார்ஜிலிங் மலை ரெயிலில் சர்மிளா டாகூர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துச் சாலையில் ஜீப்பில் ராஜேஷ் கன்னா பாடிக்கொண்டே தொடர்கிறார். எத்தனையோ பேர் காதலுக்கு இலக்கணமாகக் கொண்ட காட்சி. அந்தப் பாதை இரண்டடி அகலமுள்ள குறும்பாதை, 1881-இல் போடப்பட்டது. அன்று ஏற்கெனவே இருந்த மலைச்சாலையை ஒட்டியே தண்டவாளத்தைப் போட்டார்கள். பல இடங்களில் சாலையைக் குறுக்கே கடந்தும் செல்கிறது. வண்டியோ மெள்ள ஊர்வது. ஆகவேதான் ஜீப் ஒன்று அதன் பக்கத்திலேயே செல்லமுடிந்தது. வேறெந்த ரெயில் பாதையிலும் அவ்வளவு எளிதில் நடவாத காரியம் அது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சர்மிளா டாகூர் அச்சமயம் சத்யஜித் ராயின் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தமையால் டார்ஜிலிங்குக்கு வர இயலவில்லை. ஆகவே அவர் ஜன்னலோரம் அமர்ந்து வெட்கப்பட்டுச் சிரிக்கும் பகுதிகளைப் பின்னர் ஸ்டூடியோவில் தனியாக எடுத்தார்கள். ஜீப்பிலிருந்து அவர் எதைப் பார்த்துப் பாடினாரோ, அங்கே கதாநாயகி இல்லை. அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாளோ, அங்கே ஜீப் இல்லை. இருவரையும் சேர்த்துவைத்தது கத்தரிக்கோல்.

அடுத்து, இளைஞர்கள் இன்றும் மறவாத 'சைய்யா சைய்யா'. மணிரத்னம் 1998-இல் எடுத்த 'தில் ஸே' படத்தில் வருவது. தமிழில் 'உயிரே' என்ற பெயரில் வந்த படம். ஏ. ஆர். ரகுமான் இசை, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, பரா கான் நடன அமைப்பு. ஷாருக் கானும் மலைக்கா அரோராவும் ஒரு கூட்டத்துடன் ஓடும் வண்டியின் கூரைமேல் ஆடுகிறார்கள். இதில் பின்திரைத் தந்திரம் இல்லை. மெய்யாகவே ஓடும் வண்டியின்மேல்தான் ஆடினார்கள். கதை நிகழ்வது இந்தியாவின் வடகிழக்கில். வண்டி ஓடுவது நம் நீலகிரியில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் அந்த 46 கிலோமீட்டர் மலைப்பாதையைப் பற்றி ரெயில்வேக்காரன் சொல்லாமல் இருக்கமுடியாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற ஏற்றம். தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட மூன்றாம் தண்டவாளம். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. அந்தப் பற்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். மற்றப் பகுதியிலும் 30-ஐத் தாண்டாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அங்கே மேலே மின்கம்பி இல்லை.

திரையிலோ அந்த வண்டி பறக்கிறது! அதற்குக் காரணம் மேளமும், விரைவான வெட்டும், வளைவுகளும், சுரங்க வாயில்களும்தான். ஆடியவர்களும் விளையாட்டாக ஏறி ஆடிவிடவில்லை. தம் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டப்பட்டதையும், அது உராய்ந்து காயமானதையும் மலைக்கா அரோரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கயிறு நம் கண்ணில் படவில்லை. படாமல் எடுப்பதுதான் அந்தக் கலையின் திறமை. நாம் குறை கூறவில்லை. பத்துத் தடவை பார்த்திருக்கிறோம், இன்னும் பார்ப்போம். ஆனால் அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பாதையில் ஒருவன் கூரைமேல் ஏறினால் என்ன ஆகும்? பெட்டியின் கூரை தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம். மின்கம்பி பொதுவாக ஐந்தரை மீட்டர் உயரத்தில் செல்கிறது. இடையில் இருப்பது ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடிக்குக் கீழே. ஐந்தடி எட்டங்குலம் உயரமுள்ள இளைஞன் அங்கே நிமிர்ந்து நிற்க இடமே இல்லை. கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். தொடவேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். கூரையில் பயணம் செய்வது 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவின்படிக் குற்றம். மின்சாரம் சட்டப்பிரிவு பார்ப்பதில்லை.

இன்னொரு பழைய நண்பனையும் நினைவுகூர்வோம். 1988 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்ஷனில் முதன்முதலில் ஒளிபரப்பான 'மிலே சுர் மேரா தும்ஹாரா'. பீம்சேன் ஜோஷி தொடங்க, பல மொழிகளைத் தொட்டுச் சென்ற அந்தப் பாட்டில், பாலமுரளி கிருஷ்ணாவின் குரலில் தமிழ் அடி வந்தது. அந்த ஓர் அடிக்காகவே பிறமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் தொலைக்காட்சியின் முன் காத்திருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். வங்காளி அடிக்குக் கல்கத்தா மெட்ரோவைக் காட்டினார்கள். 1984-இல் ஓடத் தொடங்கிய, நாட்டின் முதல் மெட்ரோ அது. அங்கே யாரும் கூரைமேல் ஏறவில்லை, கதவில் தொங்கவில்லை. பயணிகளாக நின்றார்கள், சிரித்தார்கள். அதுவும் ரெயில் பாட்டுத்தான்.

மேல்நாட்டில் இவ்வகைப் படங்களுக்கென்றே தனித் தொலைக்காட்சி நிலையம் 1981 ஆகஸ்டு 1-ஆம் நாள் நியூயார்க்கில் தொடங்கியது, எம். டி. வி. என்பது அதன் பெயர். கதை இல்லாமல், படம் இல்லாமல், பாட்டுக்காகவே நான்கு நிமிடப் படம் என்ற வழக்கம் அதனால் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 2020-இல் டிக்டாக் தடை செய்யப்பட்டபின் ரீல்ஸ் வந்தது. இப்போது நான்கு நிமிடம் அரை நிமிடமாகிவிட்டது. படுத்திருந்த திரை எழுந்து நின்றுவிட்டது. அரை நிமிடத்தில் மயக்கவேண்டுமானால் தாளம் உச்சத்தைத் தொடும் விநாடியில் ஏதேனும் ஒன்று நிகழவேண்டும்: உடை மாறவேண்டும், வெளிச்சம் பாயவேண்டும், அல்லது பின்னால் வண்டி வரவேண்டும். ஸினிமாக்காரர்களின் இலக்கணம் முழுவதும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த கயிறும், அனுமதிக் கடிதமும், தண்டவாள ஓரத்தில் கொடி பிடித்து நிற்கும் ஆளும் மட்டும் வரவில்லை.

இப்போது பையனின் காட்சிக்குத் திரும்புவோம். "படத்திலேயே தெரிகிறதே" என்றான் அல்லவா? ஸினிமாவில் கதாநாயகன் மயிரிழையில் ரெயிலிலிருந்து தப்பும் காட்சியைப் பெரும்பாலும் நெடுந்தொலைவிலிருந்து டெலிபோட்டோ லென்ஸினால் எடுப்பார்கள். அந்த லென்ஸ் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் நெருக்கிக் காட்டும். வண்டி அவன் முதுகில் மோதுவதுபோல் தோன்றும். உண்மையில் வெகு தூரத்தில் இருக்கும். கைப்பேசியில் உள்ளதோ அகலக் கோண லென்ஸ். அது இதற்கு நேர்மாறு. பின்னால் இருப்பதைச் சிறிதாக்கித் தள்ளிவைத்துக் காட்டும். ஸினிமாவின் ரெயில் தோன்றுவதைவிடத் தூரத்தில் இருக்கிறது. கைப்பேசியின் ரெயில் தோன்றுவதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் மாலை அந்தக் குடும்பத்தாரையும் மற்றப் பிள்ளைகளையும் சங்க மண்டபத்துக்கு வரவழைத்தோம். தரையில் சாக்கட்டியால் ஓர் அகலப்பாதை வரைந்தோம். தண்டவாளங்களின் இடைவெளி 1.676 மீட்டர்; சிலீப்பரின் நீளம் 2.75 மீட்டர். "நீ எங்கே நின்றாய், அம்மா?" என்று கேட்டோம். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "சிலீப்பர் முனையிலிருந்து இரண்டடி தள்ளி, மாமா. சல்லியின் மேல் நின்றேன். சிலீப்பரைத் தொடவே இல்லை" என்று சொல்லி, அந்த இடத்தில் போய் நின்றாள். அதன்பின் பெட்டியின் அகலத்தை வரைந்தோம். அது 3.25 மீட்டர். பிள்ளைகள் பலருக்கும் அன்றுதான் தெரிந்தது, பெட்டி தண்டவாளத்தோடு நின்றுவிடுவதில்லை, சிலீப்பர் முனையையும் தாண்டிப் பத்தங்குலம் வெளியே நீண்டிருக்கிறது என்பது. அவளுடைய பாதத்துக்கும் சாக்கட்டிக் கோட்டுக்கும் இடையே இருந்தது பதினான்கு அங்குலம். அதற்குள்தான் கைப்பிடியும், திறந்த கதவும், வாசலில் நிற்பவரின் தோளும் வரவேண்டும். அவள் தாவணி பறந்த திசையும் அந்தப் பக்கம்தான்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அவள் அன்னையார் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 30 மீட்டர் கடக்கும். அவர்கள் எடுத்த இருபது விநாடிக்குள் அறுநூறு மீட்டர். டிரைவர் பார்த்துப் பிரேக்கைப் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவைப்படும். ஊதல் ஒலியைக் கேட்டு விலகிவிடலாமே என்றால், முன்னே நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. உதடசைப்பதற்காகப் பாட்டை உரக்க ஓடவிட்டிருந்தார்கள். காதில் பாட்டு, கண் காமிராமேல், முதுகு வண்டிக்கு. இரட்டைப் பாதையில் மறுவண்டி எதிர்த்திசையில் வந்திருந்தால் அதன் ஒலி முதல் வண்டியின் ஒலியிலேயே அமுங்கிப்போயிருக்கும். ஓரிடத்தில் மூன்று தடவை எடுத்துப் பார்த்ததாகப் பையன் பின்னர் ஒப்புக்கொண்டான். முதலிரண்டு தடவை தாளமும் வண்டியும் பொருந்தவில்லையாம்.

"அப்படியானால் ரெயில் பாட்டே எடுக்கக்கூடாதா, மாமா?" என்றான், முகம் வாடி. கூடாது என்று சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை. பாட்டு நல்ல பாட்டு. அவர்கள் கைப்பேசியிலேயே ஒரு படத்தைத் தேடி ஓட்டச் சொன்னோம். கெமிக்கல் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேய இருவரின் 'ஸ்டார் கிடார்' என்ற இசைக்கு, மிஷேல் கோந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 2002-இல் எடுத்த படம். நான்கு நிமிடமும் ரெயில் ஜன்னல் வழியே தெரியும் காட்சி ஒன்றுதான். பாடகர் இல்லை, ஆட்டம் இல்லை, முகமே இல்லை. பார்க்கத் தொடங்கிய சிறிது நேரத்தில்தான் விளங்குகிறது: மேளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கம்பமோ, ஒரு கிடங்கோ, ஒரு பாலத் தூணோ ஜன்னலைக் கடக்கிறது. புதிய வாத்தியம் ஒன்று சேர்ந்தால் புதிய கட்டடம் ஒன்று சேர்கிறது. எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று மேஜைமேல் ஆரஞ்சுப் பழங்களையும் முட்கரண்டிகளையும் வரிசையாக அடுக்கிவைத்து அவர் திட்டம் போட்டாராம். தென் பிரான்ஸில் நீம் நகருக்கும் வலான்ஸ் நகருக்கும் இடையே அதே பயணத்தை வெவ்வேறு வேளை வெளிச்சத்தில் பத்துத் தடவை எடுத்து, கணினியில் இழைத்துச் சேர்த்திருக்கிறார். முப்பது மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்போய்ச் சேரும் நமக்கு அந்தப் படம் எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பார்த்தால்தான் உணரலாம்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குப் போன இரண்டு குடும்பங்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பெட்டிக்குள் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டாமல், ஜன்னலுக்கு உட்புறமிருந்தே எடுத்துவரவேண்டும் என்பது நிபந்தனை. கட்டாக்கில் மகாநதிப் பாலம், சில்கா ஏரியின் விளிம்பு, ராஜமுந்திரியில் கோதாவரி எல்லாம் வந்துசேர்ந்தன. கோதாவரியின் வளைவுப் பாலத்தில் தொங்கும் தண்டுகள் ஜன்னலை ஒவ்வொன்றாகக் கடப்பதைப் பையன் பாட்டின் தாளத்தோடு பொருத்தியிருக்கிறான். அவன் தந்தையார் அதைப் பார்த்துவிட்டு, இருபது ஆண்டுகளாக அந்தப் பாலத்தில் போய்வருகிறோம், அதற்குத் தாளம் இருப்பது தெரியாமற்போயிற்றே என்றார்.

தமக்கையின் பகுதியைச் சென்ற ஞாயிறன்று மண்டபத்திலேயே எடுத்து முடித்தோம், 'ஆராதனா' முறைப்படி. இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு, பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்கு அப்பால் வெள்ளைத் திரையில் சில்கா ஏரியை ஓடவிட்டோம். பாட்டை எவ்வளவு உரக்க வைத்தாலும் பாதகமில்லை. ஆண்டு விழாவன்று பார்க்கும் அன்பர்கள், அவள் தாவணி அத்தனை அழகாகப் பறப்பது எந்தக் காற்றினால் என்று கேட்கக்கூடும். மேஜை மின்விசிறிக் காற்றுத்தான். அதை ஏணிமேல் நின்று பிடித்திருந்தவர்கள் நாமும் சங்கத்தின் பொருளாளரும்.